நாற்பது நிமிடம் நிற்காமல்

அந்த மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்த வியாழக்கிழமையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லேபில் மெழுகு வழிக்கும்போதும், வீட்டில் துணி மடிக்கும்போதும் அதுதான் கண்ணுக்குள் நின்றது. சின்னதாக ஒரு டப்பா படம், அதற்குள் புள்ளி புள்ளியாக. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஓரமாக அது பாட்டுக்கு எரிந்தது. சத்தம் போட்டிருந்தாலாவது திட்டியிருப்பாள்.

கார் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் வாழ்க்கையின் முதல் கார். நாற்பத்தெட்டு வயதில், ஓட்டக் கற்றுக்கொண்ட இரண்டாவது வருடம், எல்லாரும் கைக்கடக்கமாக ஒரு சின்ன வண்டியை வாங்குவார்கள் என்றால், இவள் போய்ச் செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய டீசல் காரை வாங்கிவிட்டாள். தோல் சீட்டு, கருநீல நிறம், கதவைச் சாத்தினால் வெளியுலகமே வாயை மூடிக்கொண்டது போல ஒரு நிசப்தம். எட்டு வயதான வண்டி. ஆனாலும் அதில் ஏறி உட்காரும்போதெல்லாம் யாராவது வந்து "இறங்குங்க, இது உங்களோடது இல்லை" என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு படபடப்பு அவளுக்கு இருந்தது.

அவளுக்குப் பல் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செய்து அனுப்புகிற இடம். இருபது வருடமாகச் செய்கிறாள். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவண்ணத்தில்தான். வீட்டிலிருந்து லேபுக்குச் சரியாக மூன்று கிலோமீட்டர்.

"மூணு கிலோமீட்டருக்கு இவ்ளோ நீளமான வண்டியா அண்ணி?" என்று நாத்தனார் வந்து பார்த்த அன்றே கேட்டுவிட்டாள். "முன் பக்கம் லேபுக்குப் போய்ச் சேரும்போது பின் பக்கம் நம்ம வாசல்லயே இருக்குமே!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். மூட்டு வலி, பஸ்ஸில் நிற்க முடியவில்லை, பெரிய வண்டி என்றால் குலுங்காது என்று எதையோ சொல்லிச் சமாளித்தாள். நிஜக் காரணத்தை மென்று விழுங்கினாள்.

நிஜக் காரணம் எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. லேப் முதலாளியம்மா அங்கே இன்னொரு லேப் திறக்கிறார். "நீ நடத்து. வேற யாரை விட்டாலும் எனக்குத் தூக்கம் வராது" என்று ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். அவளுக்குக் கீழே எட்டுப் பேர், அவள் பேச்சுதான் கடைசிப் பேச்சு. "வீட்ல கேட்டுச் சொல்றேம்மா" என்றாள் அவள். மறுமாதமும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்த மாதமும் அதையேதான் சொன்னாள். போன வெள்ளிக்கிழமை முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "திங்கக்கிழமை சொல்லிடு. இல்லேன்னா நான் வேற ஆள் பாக்கணும்" என்றார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் அவள் இன்னும் கேட்கவில்லை.

வீடு என்றால் அவள் கணவர். லிஃப்ட்காரர் என்றால்தான் அந்தப் பகுதியில் தெரியும். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஆள் தங்கம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஓடுகிற எதையும் அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ அணைக்காமல் விட்ட மோட்டார் ஒன்று அவருடைய இடது சுண்டு விரலில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து முதலில் அணை, பிறகு யோசி என்று ஆகிவிட்டார். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பினால் மின்விசிறி நின்றிருக்கும். அடுப்பை, டிவியை, சார்ஜரை எல்லாம் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டே இருப்பார்.

அவளுடைய ஆசைகளையும் அப்படித்தான். திட்டமாட்டார், தடுக்கமாட்டார். சுவிட்சைத் தட்டுவது போல ஒரே வார்த்தை: "இப்ப எதுக்கு?" அவள் மாலைக் கல்லூரியில் படிக்க ஆசைப்பட்டபோது அதைச் சொன்னார். தனியாக லேப் போடலாமா என்றபோதும் சொன்னார். மேற்கொண்டு பேச்சை வளர்த்தால் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார். சண்டை போடக்கூட ஆள் நிற்க வேண்டுமே!

இதற்கு மட்டும் அவர் "இப்ப எதுக்கு" என்று சொல்லிவிட்டால் தன்னால் அதைத் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் முதலில் காரை வாங்கினாள், பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

காரை விற்றவர் ஒரு கண் டாக்டர். லிஃப்ட்காரர் அவருடைய ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பார்க்கிறவர் என்பதால் நம்பிப் போனார்கள். போனதுமே லிஃப்ட்காரர் பானெட்டைத் திறந்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஜன்னல் ஓரம் குனிந்து கேட்டார்.

"தினம் எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க?"

"நூத்தம்பது கிலோமீட்டர்," என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதமாக மனதில் உருட்டிக்கொண்டிருந்ததை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அன்றுதான், அதுவும் முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம்.

"அப்போ இது உங்களுக்கான வண்டிதான்," என்றார் டாக்டர் சந்தோஷமாக. "இத ஊருக்குள்ளயே வெச்சிருந்தா மூச்சு முட்டிடும்மா. நல்லா ஓட விடணும்."

பானெட்டுக்குப் பின்னாலிருந்து லிஃப்ட்காரர் தலையை நீட்டி, "எஞ்சின் தேன் மாதிரி இருக்கு," என்றார். அவர் காதில் எஞ்சின் மட்டும்தான் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு கார் ஓடியது, லேபுக்கும் வீட்டுக்குமாக. முதல் வாரம் இருபதில் போனாள். வண்டி கடிவாளத்தை இழுத்துப் பிடித்த குதிரை மாதிரி உறுமியது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர்கள் திரும்பிப் பார்த்து முறைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரம் கை நடுக்கம் நின்றது. அதன் பிறகு வேறொரு நடுக்கம் வந்தது. ஒவ்வொரு மாலையும் பெரிய சாலைக்குப் போகும் சிக்னலில் நிற்கும்போது, இடது பக்கம் திரும்பி வீட்டுக்குப் போகாமல் நேராகப் போய்விடலாமா என்று கால் துறுதுறுக்கும். பச்சை விழும். இடது பக்கம் திரும்புவாள்.

ஞாயிறு காலை அவர்கள் இரண்டு பேரும் மெக்கானிக் ஷெட்டில் நின்றார்கள். டாக்டரின் வண்டியை எட்டு வருடமும் பார்த்த அதே மெக்கானிக். அவனுக்குச் 'சைலன்சர்' என்று பெயர் வைத்தவன் பெரிய குறும்புக்காரனாக இருந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தால் மூட மாட்டான்.

சைலன்சர் ஒரு கருவியைக் காரில் சொருகித் திரையைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, புகையில இருக்கிற கரியை வெளிய விடாம ஒரு ஃபில்டர் பிடிச்சு வெச்சுக்கும். அது ரொம்பினதும் வண்டி தானா உள்ள சூடேத்தி எல்லாத்தையும் எரிச்சுச் சாம்பலாக்கிடும். அந்த நேரம் எஞ்சின் ஓடிட்டே இருக்கணும். இதுல பாருங்க, பதினோரு தடவை எரிக்க ஆரம்பிச்சிருக்கு. பதினோரு தடவையும் பாதியில யாரோ அணைச்சிருக்காங்க."

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. லேபில் பீங்கான் பல்லைச் சுடுகிற ஃபர்னஸும் அப்படித்தான். சூடேறிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தினால் அந்தப் பல் உருப்படாது. குப்பைக்குத்தான் போகும்.

"நான் அப்படி அணைச்சதே இல்லையேப்பா. லேப்ல இறங்கும்போது, ராத்திரி உள்ள நிறுத்தும்போது..."

"வண்டிய நிறுத்தினப்புறமும் ஃபேன் பெருசா ஓடும். லேசாத் தீஞ்ச வாடை வரும். அப்போ தொடாம விட்டுடணும்."

அவள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். லிஃப்ட்காரர் பின் சக்கரத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மாலையில் அவள் வந்து வாசலில் நிறுத்தி, இறங்கிப் போய்க் கேட்டைத் திறப்பாள். அந்த அரை நிமிடத்தில் அவர் உள்ளேயிருந்து வந்து, ஆள் இல்லாமல் எஞ்சின் ஓடுவதைப் பார்த்து, கதவைத் திறந்து பொத்தானை அழுத்தி அணைத்துவிடுவார். ஃபேன் இரைச்சலும் தீய்ந்த வாடையும் வேறு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம், பாய்ந்தே வருவார். மூன்று மாதமாக அவள் கேட்டைத் திறந்துவிட்டு வந்து மறுபடி ஸ்டார்ட் செய்துதான் உள்ளே விட்டிருக்கிறாள். இவர் எதைத்தான் விட்டுவைத்தார் என்று அதையும் பெரிதுபடுத்தவில்லை.

"மோட்டார் சூடாயிடுச்சோன்னு நினைச்சேன்," என்றார் சக்கரத்திடம்.

"ஊருக்குள்ளயே ஓட்டினாலும் இதான் கதி," என்று சைலன்சர் தொடர்ந்தான். "ஆமா அக்கா, நீங்க தினம் நூத்தம்பது கிலோமீட்டர் ஓட்டப் போறதா டாக்டர் சொன்னாரே? வெளியூர்ல வேலைன்னு. அதான் நானும் தைரியமா எடுத்துக்கச் சொல்லுங்கன்னேன். இன்னும் அங்க சேரலையா?"

குட்டு உடைந்தது. லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். அவர் முகம் சுண்டிப் போயிருந்தது.

"இப்ப என்ன செய்யணும்?" என்று அவள் அவசரமாகக் கேட்டாள்.

"நெடுஞ்சாலைக்குப் போங்க. எண்பதுக்குக் குறையாம, நாப்பது நிமிஷம், நிக்காமப் போங்க. விளக்கு அணைஞ்சா பிழைச்சோம். இன்னைக்கு விட்டா அப்புறம் கழட்டித்தான் ஆகணும். நடுவுல எதுக்காகவும் நிறுத்தாதீங்க, என்ன?"

அவள் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சிக்னல் வந்தது. பச்சை விழுந்ததும் நேராகப் போனாள்.

நெடுஞ்சாலையில் அவள் ஏறியதே இல்லை. லாரி ஒன்று பக்கத்தில் வந்தபோது இன்னும் ஓரமாக ஒதுங்கினாள். எண்பதைத் தொட்டதும் கார் தன் பாட்டுக்கு அடங்கி, உறுமல் நின்று, வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. அவள்தான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எனக்கு ரோட்டுலருந்து கண்ண எடுக்கப் பயமா இருக்கு. அந்த விளக்க நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "எரியுது." பிறகு, "நூத்தம்பது கிலோமீட்டர் தினம் எங்க போறே?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். புது லேப், எட்டுப் பேர், முதலாளியம்மா, நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது. சொல்லும்போது குரல் நடுங்கியது. லாரிகளைப் பார்த்து நடுங்குவதாக அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

"எத்தனை நாளா இது?"

"ஆறு மாசமா."

"ஆறு மாசம்! கண் டாக்டருக்குத் தெரியுது. சைலன்சருக்குத் தெரியுது. இன்னும் போற வர்றவன் எவனுக்கெல்லாம் தெரியுமோ! கட்டின புருஷன் மட்டும் கேனயன். மூட்டு வலின்னு தைலம் வேற வாங்கித் தேச்சு விட்டேன்."

"கத்தாதீங்க, பக்கத்துல லாரி."

"வண்டிய ஓரமா நிறுத்து. நான் இறங்கிக்கறேன்."

"நிறுத்தக் கூடாதாம்."

கல்யாணமான இருபத்துமூன்று வருடத்தில் எழுந்து போக முடியாமல் அவர் உட்கார்ந்து கோபப்பட்டது அதுவே முதல்முறை. பெல்ட்டைத் தளர்த்தினார், ஜன்னலை இறக்கினார், இரைச்சல் தாங்காமல் ஏற்றினார். சீட்டின் பக்கவாட்டில் இருந்த ஏதோ பொத்தானில் கை பட்டு, சீட்டு அவரை மெல்லப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்தது. கோபமாகப் படுத்துக்கொண்டு போவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். நிமிர்ந்து உட்கார இரண்டு கிலோமீட்டர் ஆயிற்று. அவளுக்குச் சிரிப்பு முட்டியது. சிரிக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார் கடைசியில். கத்தவில்லை.

"கேட்டா அணைச்சிடுவீங்க."

கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவள் எதிரே பார்த்தபடி, இவ்வளவு பெரிய வார்த்தையை இப்படிப் பட்டென்று போட்டு உடைத்துவிட்டோமே என்று பதறிக்கொண்டிருந்தாள். ஆனால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

அவர் போன் அடித்தது. ஞாயிறு டூட்டி. ஏதோ அடுக்குமாடியில் லிஃப்ட் கதவு மூடவில்லையாம். வழக்கமாக இந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும், எழுந்து போக ஒரு காரணம் கிடைத்ததே என்று. இப்போது அவர் பாதி விரலைத் தடவிக்கொண்டே பேசினார்.

"பார்ட்னர், நீ போய்ப் பாத்துக்கோ. நான் வெளியூர்ல இருக்கேன்."

போனை வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நீளமான ஒரு பாலத்தைக் கடந்தார்கள். கீழே ஆறு அகலமாகப் போனது. அவர் ஒரு தடவை எட்டி விளக்கைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"எரியுதா?"

"எரியுது." கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "நான் வேணும்னு எதையும் அணைக்கல. பயம். ஓடிட்டிருந்தா யாருக்காவது ஏதாவது ஆயிடுமோன்னு பயம்."

"எனக்கு எதுவும் ஆகாதுங்க."

"தினம் இந்த லாரிங்களுக்கு நடுவுல."

"இப்ப வந்துட்டுத்தானே இருக்கேன்?"

அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது எப்போது தளர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நூறில் போய்க்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடம் தாண்டிவிட்டது. திரும்புவதற்கு ஒரு வழி வந்தது. "இன்னும் எரியுதா?" என்று கேட்டாள்.

"எரியுது. போ."

இன்னொரு திருப்பமும் வந்தது. "இப்ப?"

"எரியுதுன்னா எரியுதுதான். ரோட்டப் பாத்து ஓட்டு."

ஃபில்டர் போயே போய்விட்டது, நாற்பது நிமிடத்தில் எரியாதது இனி எங்கே எரியப் போகிறது, கழற்றித்தான் ஆக வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அதற்குள் அந்த ஊரின் பலகை வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாததால் உள்ளே இறங்கினாள். முதலாளியம்மா சொல்லியிருந்த அடையாளப்படி இரண்டு தெரு திரும்பி, கண்ணாடி பதித்த ஒரு கட்டிடத்தின் முன்னால் போய் நின்றாள். மூன்றாவது மாடி ஜன்னல்களில் இன்னும் பெயிண்ட் படாமலிருக்க ஒட்டிய தாள் இருந்தது.

"இதான்," என்றாள்.

பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் எல்லாம் சுத்தமாக இருந்தது. மஞ்சள் விளக்கு இல்லை.

"எப்ப அணைஞ்சுது?"

லிஃப்ட்காரர் பெல்ட்டைக் கழற்றினார். "அந்தப் பாலத்துலயே."

பாலம் முப்பது கிலோமீட்டர் பின்னால் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று தடவை கேட்டிருக்கிறாள். மூன்று தடவையும் எரியுது என்று சொல்லியிருக்கிறார்.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ திரும்பியிருப்ப."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டிடத்தை மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தார்.

"மூணாவது மாடியா? இந்த லிஃப்ட்ட எவன் பாக்கறானோ! ரோப் எப்படி இருக்குன்னு ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன். நீ தினம் ஏறி இறங்கணும்."

கதவைத் திறந்தார். பழக்க தோஷம், இறங்குமுன் அவர் கை ஸ்டியரிங் பக்கத்துப் பொத்தானை நோக்கி நீண்டது. தொடுவதற்கு முன்னால் நின்றது. அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டு, "ஓடிட்டே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் முதலாளியம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா," என்றாள். "வீட்ல கேட்டாச்சு."